பாடி மாத்தியாச்சா?

கார் வயரிங் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது சொல்லும்படி கேட்டார்கள். சொல்கிறேன். ஆனால் எந்த போல்ட்டை எந்த ஸ்பேனரால் கழற்றுவது என்பதையெல்லாம் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். அதற்குத்தான் உங்கள் கையில் போன் இருக்கிறதே. வேலை நேரத்திலும் அதைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அதில் யாரோ ஒரு வெள்ளைக்காரன், துடைத்து வைத்த கராஜில், நகத்தில் அழுக்குப் படாமல் ஒரு பழைய காரின் டைனமோவைக் கழற்றி அல்டர்னேட்டரை மாட்டிவிட்டுச் சிரிப்பான். அதைப் பார்த்து முடித்ததும் நீங்களும் பழைய கார் நிபுணர் ஆகிவிடுவீர்கள். அவன் தலைமேல் எந்தக் கஸ்டமரும் நிற்கவில்லை, அவன் பட்டறையில் பொய் சொல்ல இன்னொரு ஆள் இல்லை என்பதெல்லாம் உங்கள் கண்ணில் படாது.

எங்கள் பட்டறை பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சந்தில் இருந்தது. அங்கே மாடி மேல் மாடியாகக் கட்டத் தொடங்கியதும் கிள்ளானுக்கு மாறினோம். என் வீட்டுக்காரர் எஞ்சின் பார்த்தார், நான் வயர் பார்த்தேன். என் பெயரே 'வயர்மேன் அக்கா' ஆகிப்போனது. புதிதாக வருகிறவர்கள் என்னைப் பார்த்து, "போமன் எங்கே?" என்று மெக்கானிக்கைத் தேடுவார்கள். நான் வீட்டுக்காரரைக் கை காட்டுவேன். அவர் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, பின்பக்கம் வந்து என்னிடம் கேட்பார். அவருக்கு மீசை இருந்தது, அதனால் அவர் போமன்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்னால் மேட்ரன் வந்தார். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் தலைமை நர்ஸாக இருந்து ரிட்டையர் ஆனவர், பங்சாரில் குடியிருப்பவர். அவருடைய பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பென்ஷன் பணத்தில் அவர் வாங்கியது வீடும் இல்லை, நகையும் இல்லை. பச்சை நிறத்தில், இரண்டே பேர் உட்காரும் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். அவருடைய ஒரே மகனுக்கு அதைக் கண்டாலே ஆகாது. வீடு வாங்கி விற்கிற ஏஜென்ட் அவன். அம்மாவுக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று சொந்தக்காரர்களிடம் அவன் சொல்லிக்கொண்டு திரிந்தது அவர் காதுக்கும் வந்திருந்தது.

அந்த மாதிரிக் கார்களில் கரண்ட் கொடுப்பது டைனமோ. எஞ்சின் வேகமாகச் சுற்றினால்தான் அது வேலை செய்யும். ஜாமில் நின்றால் அது தூங்கிவிடும். லைட், வைப்பர் எல்லாம் பேட்டரியைத் தின்றுகொண்டிருக்கும். இந்தக் காரைச் செய்தவர்கள் நம்முடைய ஜாமையும் நம்முடைய மழையையும் கனவில்கூடப் பார்த்ததில்லை. மேட்ரன் ஒரு சாயங்காலம் ஃபெடரல் ஹைவேயில், கொட்டுகிற மழையில், லைட் மங்கி எஞ்சினும் அணைந்து நடுரோட்டில் நின்றுவிட்டார். பின்னால் போர்ட் கிள்ளான் லோரிகள் ஹார்ன் அடித்துக்கொண்டு ஒதுங்கிப் போயிருக்கின்றன. மகன் வந்து அழைத்துப் போனான். அன்றைக்கே குடும்பத்தைக் கூட்டி வைத்து அம்மாவிடம் வாக்கு வாங்கிக்கொண்டான். இன்னொரு தடவை அந்தக் கார் ரோட்டில் நின்றால், மறுபேச்சில்லாமல் விற்றுவிட வேண்டும். வாங்க ஆளையும் அவன் தயாராக வைத்திருந்தான்.

"டைனமோவ எடுத்துட்டு அல்டர்னேட்டர் போடும்மா. அதான் ஜாம்ல நின்னாலும் கரண்ட் குடுக்குமாமே" என்றார் மேட்ரன். "ஞாயித்துக்கிழமை டெங்கில்ல என் தங்கச்சி வீட்டுல விருந்து. எல்லாரும் வருவாங்க. நான் இந்தப் பச்சைக் காடியிலதான் போய் இறங்கணும்."

கூட வந்திருந்த மகன் என்னைப் பார்க்கவேயில்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்து, "முடியலன்னா சொல்லிருங்க பாஸ். நான் வேற ஏற்பாடு பண்ணிக்கிறேன்" என்றான். அவன் முகத்தில் முடியக்கூடாது என்கிற ஆசை நன்றாகத் தெரிந்தது.

இங்கே ஒரு விஷயத்தை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும், போனைக் கீழே வையுங்கள். காரின் இரும்பு உடம்பே ஒரு வயர் மாதிரித்தான். பேட்டரியின் ஒரு பக்கத்தை அதில் கட்டிவிடுவோம். இப்போது ஓடுகிற எல்லாக் கார்களிலும் மைனஸ் பக்கம்தான் உடம்போடு சேரும். அதனால் நம் பட்டறைகளில் 'மைனஸ்' என்ற வார்த்தையே செத்துவிட்டது. எல்லாருக்கும் அது 'பாடி'. பாடி குடு, பாடி வயர் எங்கே, பாடி சரியில்லை, இப்படித்தான் பேசுகிறோம். ஆனால் மேட்ரனின் கார் பிறந்த காலத்தில் அங்கே வழக்கம் வேறு. அதில் பிளஸ் பக்கம்தான் பாடியில் கட்டியிருக்கும். அல்டர்னேட்டருக்கோ மைனஸ்தான் பாடியில் இருக்க வேண்டும். ஆகவே டைனமோவை எடுத்து அல்டர்னேட்டர் போடும்போது பேட்டரியைத் திருப்பி, பாடியில் இருக்கும் பிளஸ்ஸை மைனஸாக மாற்ற வேண்டும். மாற்றாமல் பேட்டரியைக் கொடுத்தால், அதாவது இணைத்தால், அல்டர்னேட்டர் கண்ணிமைக்கும் நேரத்தில் கருகிவிடும். அது மட்டும் கருகினால் பரவாயில்லை.

எங்களிடம் முனியாண்டி என்று ஒருவன் வேலை செய்தான். நாற்பதைத் தாண்டியவன், கை சுத்தமான ஆள், வாய்தான் பெரிசு. தன் வேலையில் இதுவரை ஒரு கம்ப்ளெய்ன்ட்டும் வந்ததில்லை என்று டீக்கடை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வருவான். சனிக்கிழமை காலையில் அவன் ரொட்டி சானாயைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். "இது பிளஸ் பாடி காடி, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். "தெரியும்க்கா, இதெல்லாம் எனக்குச் சொல்லணுமா" என்றான்.

அந்த நேரம் பார்த்து போர்ட் கிள்ளானில் ஒரு கன்டெய்னர் லோரிக்குப் பின்லைட் எரியவில்லை, கேட்டை விட்டு வெளியே விட மாட்டேன் என்கிறார்கள் என்று போன் வந்தது. நான் கிளம்பிப் போனேன். லோரிக்கு அடியில் படுத்துக்கொண்டு, டிரைவர் ஒரு பக்கம் கத்த, ஃபோர்க்லிஃப்ட் ஒரு பக்கம் கத்த, முனியாண்டிக்குப் போன் போட்டேன்.

"பாடி மாத்தியாச்சா?"

"மாத்தியாச்சுக்கா."

"அப்ப பேட்டரிய குடு."

இதுதான் நடந்த பேச்சு முழுவதும். நான் கேட்டது, பாடியில் இருந்த பிளஸ்ஸை மைனஸாக மாற்றிவிட்டாயா என்று. அவன் காதில் விழுந்தது, பாடி வயரை மாற்றிவிட்டாயா என்று. பாடியில் கட்டியிருந்த பழைய பட்டை வயர் துருப்பிடித்துப் போயிருந்ததாம். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டியிருக்கிறான். அதில் அவனுக்குப் பெருமை வேறு. நான் சொன்னபடியே பேட்டரியைக் கொடுத்தான், பழைய மாதிரியே, பிளஸ் பாடியில். தமிழில் பேசும் இரண்டு பேர், ஒரே பட்டறையில் பல வருஷம் சேர்ந்து சோறு தின்றவர்கள், ஒரு சின்ன வார்த்தையில் ஆளுக்கு ஒரு பக்கம் போய்விட்டோம்.

அதோடு நின்றிருந்தால் இதை உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டேன். வார்த்தை தவறுவது எல்லா இடத்திலும் நடக்கிறது. அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் திரும்பி வந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. கார் வாசலில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, பளபளவென்று நிற்கிறது. மேட்ரன் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். டாஷில் மீட்டர் முள் சார்ஜ் பக்கம் நிற்பதைக் காட்டி என் வீட்டுக்காரர் விளக்கம் கொடுத்துக்கொண்டிருக்கிறார், ஏதோ அவரே அதைக் கண்டுபிடித்த மாதிரி. மகன் ஓரமாக நின்று, வாடிப்போன முகத்தோடு போனைத் தேய்த்துக்கொண்டிருக்கிறான். முனியாண்டி மட்டும் உள்ளே நின்று, ஏற்கெனவே துடைத்த ஸ்பேனர்களை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தான்.

எனக்கு மூக்கில் ஏறியது வேறு. வயர் கருகின வாசனை. கல்யாண வீட்டு அடுப்படியில் நிறுத்தினாலும் அதை நான் தனியாகப் பிரித்துச் சொல்வேன்.

"என்ன வாசனை?" என்றேன்.

"பக்கத்துக் கடையில கருவாடு பொரிக்கிறாங்க" என்றார் வீட்டுக்காரர்.

என்னோடு குடும்பம் நடத்துகிற மனுஷன் என்னிடம் சொல்கிற பொய்யைக் கொஞ்சம் யோசித்தாவது சொல்ல வேண்டாமா. பக்கத்துக் கடையில் டயர் விற்கிறார்கள். நான் பானெட்டுக்குள் குனிந்தேன். அங்கே இருந்தது நான் வாங்கி வைத்திருந்த அல்டர்னேட்டர் இல்லை, ஹாஃப் கட் கடையில் எடுத்த பழையது. வெளிநாட்டில் இருந்து பாதியாக வெட்டி வரும் கார்களின் சாமான் அங்கே கிடைக்கும். எனக்கு அத்தனையும் புரிந்துவிட்டது. முதல் அல்டர்னேட்டர் கருகியிருக்கிறது. இரண்டு பேரும் பதறிப்போய், பேட்டரியைச் சரியாகத் திருப்பி, இன்னொன்றை வாங்கி மாட்டி, ஸ்டார்ட் ஆனதும் வாயை மூடிக்கொண்டார்கள்.

கருகின அல்டர்னேட்டரை மாற்றலாம். அது கருகிய நேரத்தில் பேட்டரியின் முழு கரண்டும் ஓடியது ஒரு பழைய வயரில். அந்தக் காலத்துக் காரில் வழியில் ஃபியூஸும் கிடையாது. அந்த வயர் தனியாகப் போகவில்லை. லைட்டுக்கும் எஞ்சினுக்கும் போகிற வயர்களோடு சேர்த்துத் துணி சுற்றிய ஒரே கட்டாகப் போகிறது. மேலே துணி நன்றாகத்தான் இருந்தது. உள்ளே என்ன ஆகியிருக்கும் என்று அந்த இரண்டு ஆம்பளைகளும் துணியை அவிழ்த்துப் பார்க்கவில்லை. மேட்ரன் அதை ஓட்டிக்கொண்டு ஹைவேயில் ஏறப்போகிறார்.

கையை உள்ளே விட்டுச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தேன்.

"காடி இன்னைக்குப் போகாது மேட்ரன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. மகன் போனில் இருந்து தலையைத் தூக்கினான். மேட்ரன் குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"என் மகன் உன்கிட்ட ஏதும் பேசினானா?"

எனக்குச் சுருக்கென்றது. அழுகை வருகிற அளவுக்கு வலித்தது, ஆனால் நான் அழுகிற ரகம் இல்லை. வாயால் சொன்னால் அவர் நம்பப் போவதில்லை. எஞ்சினை மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். லைட்டைப் போடச் சொன்னேன், வைப்பரைப் போடச் சொன்னேன். கொஞ்ச நேரம் எல்லாம் ஓடட்டும் என்று விட்டு, அவரைப் பானெட் பக்கம் வரச் சொன்னேன்.

"இந்த வயர் கட்டு மேல கைய வச்சுப் பாருங்க."

அவர் உள்ளங்கையை வைக்கவில்லை. புறங்கையை வைத்தார், நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி. ஒரு இடத்தில் வைத்தார், கொஞ்சம் தள்ளி வைத்தார், திரும்ப முதல் இடத்துக்கே வந்தார். துணிக்கு உள்ளேயிருந்து நூல் மாதிரி ஒரு புகை கிளம்பியது. அவரே போய் எஞ்சினை அணைத்து, சாவியை உருவிக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

"நல்ல காய்ச்சல்" என்றார்.

மகனுக்கு உயிர் வந்துவிட்டது. "பாத்தீங்களாம்மா, நான் என்ன சொன்னேன். இது பழைய சாமான் லா. இன்னைக்கு வயர், நாளைக்கு வேற. என்ன பாஸ், காடி கோளாறுதானே?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டான்.

என் வீட்டுக்காரர் மீசையைத் தடவிக்கொண்டு, "பழைய காடி பாஸ். வயரெல்லாம் நாள்பட்டது. அப்படி இப்படித்தான் இருக்கும்" என்றார்.

இதைக் கவனியுங்கள். அங்கே நின்ற ஆம்பளைகள் எல்லாருக்கும் காரின் மேல் பழி போடுவது வசதியாக இருந்தது. மகனுக்குக் கார் விற்றுப்போகும். என் வீட்டுக்காரருக்குப் பட்டறையின் பெயர் கெடாது. முனியாண்டிக்கு டீக்கடைப் பெருமை தப்பிக்கும். கார் வாய் திறந்து பேசாது. அந்தக் காரை இழக்கப்போகிற ஒரே ஆள் மேட்ரன், அவருக்கு வயரைப் பற்றி ஒன்றும் தெரியாது. நான் சொல்லலாம். ஆனால் அது கருகிய நேரத்தில் நான் அங்கே இருக்கவில்லை. நான் அம்மாவின் பக்கம் என்று மகன் ஏற்கெனவே முடிவு கட்டியிருந்தான்.

"முனியாண்டி, புகை வந்துச்சா?" என்று கேட்டேன்.

அவன் ஸ்பேனரைத் துடைத்தான்.

"உன்னத்தான் கேக்குறேன். காலையில புகை வந்துச்சா இல்லையா?"

"கொஞ்சம்தான்க்கா."

கொஞ்சம் புகையாம். நீங்களும் ஒருநாள் இந்த வார்த்தையைச் சொல்வீர்கள், அதனால்தான் நிறுத்திச் சொல்கிறேன். நம் தொழிலில் கொஞ்சம் புகை என்று ஒன்று கிடையாது. என் வாயில் வந்ததையெல்லாம் நான் அவனைச் சொன்னேன், இங்கே சொல்ல முடியாது. சொல்லிவிடாதே என்று வீட்டுக்காரர் அவனுக்குக் கண்ணைக் காட்டுவதை நான் பார்த்தேன், அவனும் பார்த்தான். சட்டென்று ஸ்பேனரை வைத்துவிட்டு உள்ளே போனான். ஓடிப்போகிறான் என்றுதான் நினைத்தேன். பழைய டயர்களுக்குப் பின்னால் சாக்கில் சுற்றி ஒளித்து வைத்திருந்த அல்டர்னேட்டரை எடுத்து வந்தான். பின்பக்கமெல்லாம் கறுத்துப் போயிருந்தது. அதை மகனின் காலடியில் வைத்தான்.

"காடி மேல ஒரு தப்பும் இல்ல பாஸ். நல்ல காடி. நான்தான் பேட்டரிய தப்பாக் குடுத்துட்டேன். இது வெந்துச்சு, அதுல வயரும் வெந்துருக்கு. தெரிஞ்சும் சொல்லாம மறைச்சுட்டேன்."

'மறைச்சுட்டோம்' என்று அவன் சொல்லியிருக்கலாம். என் வீட்டுக்காரர் பக்கத்தில்தான் நின்றார். மீசையைத் தடவுவதை நிறுத்தினார், அவ்வளவுதான் அவர் செய்தது.

மேட்ரன் முனியாண்டியைக் கூர்ந்து பார்த்தார். "எப்படித் தப்பாக் குடுத்த?"

"அக்கா ஃபோன்ல கேட்டாங்க, பாடி மாத்தியாச்சான்னு. நான் பாடி வயரன்னு நெனச்சு, மாத்தியாச்சுன்னுட்டேன்."

"பாடி மாத்தியாச்சாவா?" மேட்ரன் என் பக்கம் திரும்பினார். "எங்க ஆஸ்பத்திரியில பாடி மாறிப்போச்சுன்னா பேப்பர்ல வந்துரும். என்னம்மா கேள்வி இது?"

"நான் சரியாத்தான் கேட்டேன் மேட்ரன்."

"அரையுங்கொறையுமா கேட்ட. அவன் அரையுங்கொறையுமா பதில் சொன்னான். டாக்டர் ஃபோன்ல ஆர்டர் குடுத்தா, கேட்டத நர்ஸ் அப்படியே திருப்பிச் சொல்லணும். என்ன மருந்து, எவ்வளவு, எந்தக் கை. திருப்பிச் சொல்லாம எவளாச்சும் ஊசியத் தொட்டா, அன்னைக்கு என் வார்டுல அவளுக்கு வேல இல்ல. நீங்க கரண்ட வச்சுக்கிட்டு இப்படியா பேசிக்கிறீங்க?"

அவர் சொன்னது சரியாக இருந்தது, அதுதான் எரிச்சல். அதற்குப் பிறகு எங்கள் பட்டறையில் பிளஸ், மைனஸ் என்ற வார்த்தைகள் திரும்பி வந்தன. 'பாடி' என்று போனில் யார் சொன்னாலும் நான் இணைப்பைத் துண்டித்துவிடுவேன், வீட்டுக்காரராக இருந்தாலும்.

மகன் விடவில்லை. "யார் தப்பா இருந்தா என்னம்மா. நாளைக்கு இது டெங்கிலுக்கு வரப்போறதில்ல. நீங்க வாக்குக் குடுத்திருக்கீங்க."

"ரோட்டுல நின்னா விக்கிறேன்னுதான் சொன்னேன். இது ரோடா?" என்றார் மேட்ரன். போனில் ஒரு வாடகைக் காரை வரவழைத்துக்கொண்டு போய்விட்டார். மகனின் காரில் ஏறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கும் அப்படித்தான் போனார். எல்லார் முன்னாலும் மகன் என்ன பேசியிருப்பான் என்று நினைத்தாலே எனக்குக் கூசியது. திங்கட்கிழமை நானும் முனியாண்டியும் அந்த வயர் கட்டைப் பிரித்தோம். உள்ளே வயர்கள் ஒன்றோடொன்று ஒட்டி, உருகிய மிட்டாய் மாதிரிக் கிடந்தன. அவன் அதைப் பார்த்துவிட்டு வெளியே போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு வந்தான். கட்டு முழுவதையும் புதிதாக இழுத்தோம். நான் சொன்னதையெல்லாம் அவன் திருப்பிச் சொன்னான், நான் கேட்காமலே.

காரை எடுக்க வந்த மேட்ரன், முனியாண்டியிடம் ஒன்றுதான் சொன்னார். "ஞாயித்துக்கிழமை நான் டெங்கிலுக்குப் போறேன். நீ பக்கத்துல ஒக்காந்து வா."

போனார்கள். பூச்சோங் ஜாமில் மாட்டிக்கொண்டார்கள், மழையும் பிடித்துக்கொண்டது. லைட், வைப்பர் எல்லாம் போட்டபடி ஊர்ந்திருக்கிறார்கள். பின்னாலேயே மகன் தன் காரில், எப்போது நிற்கும் என்று பார்த்துக்கொண்டே வந்திருக்கிறான். மேட்ரன் வழி முழுவதும் முனியாண்டியோடு பேசவில்லையாம். லைட் மங்கவில்லை, கார் நிற்கவில்லை. தங்கை வீட்டு வாசலில் இறங்கும்போது, "அடுத்த வாரமும் வா" என்றாராம். அவன் போனான். அதற்கு அடுத்த வாரமும் போனான். கார் நிற்காது என்பது எல்லாருக்கும் தெரிந்த பிறகும் மேட்ரன் அவனைக் கூப்பிடுகிறார், அவனும் ஞாயிற்றுக்கிழமையானால் நல்ல சட்டை போட்டுக்கொண்டு போகிறான்.

பட்டறையை மூடிவிட்டோம். என் வீட்டுக்காரருக்கு அந்தப் பச்சைக் காரில் ஒரு தடவையாவது போய்வர ஆசை. மேட்ரன் ஒருநாளும் கூப்பிடவில்லை. எஞ்சினைத் தொட்டவன் நான், என்னை விட்டுவிட்டு அவனை ஏன் கூட்டிப்போகிறார் என்று இன்றைக்கும் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்தக் காரில் சீட் சின்னது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.